யாரும் இல்லைங்கிற பட்டன்

இல்ல சார், கதவைச் சாத்த வேண்டாம். திறந்தே கிடக்கட்டும். சாத்துனா, அதோ துணி மடிக்கிற மேஜைகிட்ட நிக்கிறாங்க பாருங்க, அத்தனை பேரும் கைவேலையை விட்டுட்டு இந்தக் கண்ணாடியையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. உள்ள என்ன நடக்குதுன்னு ஆளாளுக்கு ஒரு கதை கட்டிடுவாங்க. இப்பவே பாதி கட்டியாச்சு.

டீயா? எனக்கு எதுக்கு சார் டீ? பதினோரு வருஷமா இந்த லாண்டரியில இருக்கேன். ஷிஃப்ட் லீடராவே நாலு வருஷம் ஆச்சு. மேல் ஆபீஸ்லேர்ந்து வந்த எவரும் எனக்கு டீ வாங்கிக் குடுத்ததில்ல. நீங்க வந்ததும் வராததுமா ரெண்டு கப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றீங்க. அதுலயும் எனக்குச் சர்க்கரை தூக்கலா இருக்கணும்னு விசாரிச்சு வேற வெச்சிருக்கீங்க. யார்கிட்ட விசாரிச்சீங்க? சரி, சும்மா கேட்டேன். வைங்க, ஆறட்டும்.

ரூல் எழுதத்தான் வந்திருக்கீங்க. அப்படித்தானே சொன்னீங்க? ஆஸ்பத்திரித் துணி, ஓட்டல் துணியெல்லாம் துவைக்கிற இடத்துல, மெஷின் எப்ப நகரணும், எப்ப நிக்கணும், யாரைக் கேக்கணும்னு ரூல். அதுக்கு எங்க வாயால நாலு வார்த்தை வேணும். நல்லது. ஆனா அந்தப் பேப்பரை ஏன் சார் குப்புறப் போட்டு வெச்சிருக்கீங்க?

ஃபேன் காத்துல பறக்குமா? அது மேலதான் உங்க ஃபோனைத் தூக்கி வெச்சிருக்கீங்களே, எங்க பறக்கப் போகுது. ஃபோன் பதிவு பண்ணுதா? பண்ணலையா? கொஞ்சம் இப்படித் திருப்பிக் காட்டுங்க. ம். சரி, கோவிச்சுக்காதீங்க. மூணு வாரமா இங்க ஒவ்வொருத்தரா வந்து நூல் விட்டுப் பாத்துட்டுப் போறாங்க. ஒருத்தர் அக்கறையாக் கேட்டார். ஒருத்தர் அதட்டிக் கேட்டார். நீங்க டீ வாங்கிக் குடுத்துக் கேக்குறீங்க.

அது என் ஸ்கூட்டர் சாவிதான். ஏன் அதையே பாக்குறீங்க? வளையம் இல்ல, அதான் நூல்ல கட்டி வெச்சிருக்கேன். சாவிக்கு நூல் கட்டக் கூடாதுன்னு உங்க ரூல்ல இருக்கா என்ன?

சரி, கேளுங்க. முதல்லேர்ந்தே சொல்றேன்.

மாப்பிள்ளை. ஆமா, அதுக்கு நாங்க வெச்ச பேரு அதுதான். நீங்க ஏதோ இங்கிலீஷ்ல நாலெழுத்துல ஒண்ணு வெச்சிருக்கீங்க, அது எங்க வாயில நுழையல. வேலிக்குள்ள நிக்குதே அந்தப் பெரிய இரும்புக் கை, தரையில தானா ஓடுற வண்டிங்க, எல்லாத்தையும் எங்கேயோ உக்காந்து ஆட்டி வைக்கிற மூளை அது. எதுக்கெடுத்தாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னுடும். நாம போய்ச் சமாதானம் சொன்னாத்தான் மறுபடி அசையும். வேற என்னன்னு பேர் வைக்கிறது?

பொய் சொல்லக் கூடாது, அது வந்தப்ப எங்களுக்குச் சந்தோஷம்தான். ஈரத்துணி மூட்டை ஒண்ணு அறுபது கிலோ. முன்னாடி நாங்க நாலு பேர் சேர்ந்து வாஷிங் மெஷின்லேர்ந்து உருவி, தூக்கி, டிரையர்ல போடுவோம். ராத்திரி படுத்தா இடுப்பு நம்மளது மாதிரியே இருக்காது. இப்ப அந்தக் கை பொம்மையைத் தூக்குற மாதிரி தூக்கிப் போட்டுட்டுப் போகுது.

உங்க ஆளுங்க அதுக்குச் சொல்லிக் குடுத்த முதல் ரூல் என்ன? சந்தேகம் வந்தா நில்லு, மனுஷங்களைக் கேளு. நல்ல ரூல்தான், நான் குறை சொல்லல. வேலிக்குள்ள ஏதாவது அசைஞ்சா கை அப்படியே நின்னுடும். வேலிக் கதவுகிட்ட இருக்கிற திரையில குரல் வரும். உள்ளே யாராவது இருக்கிறார்களா? அதுக்கு யாராவது ஒருத்தர் போய்த் தன் பேர் போட்ட கார்டைக் காட்டிட்டு ரெண்டு பட்டன்ல ஒண்ணை அமுக்கணும். சிவப்புன்னா இருக்காங்க. பச்சைன்னா யாரும் இல்ல. பச்சையை அமுக்குனா நாலு செகண்டுல கை நகரும்.

ஆரம்பத்துல ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை கேக்கும். நாங்களும் பயபக்தியோட வேலியைச் சுத்தி வந்து, முட்டி போட்டு டிரையருக்கு அடியிலயெல்லாம் எட்டிப் பாத்து, யாராவது இருக்கீங்களான்னு ரெண்டு தடவை கத்திட்டுத்தான் அமுக்குவோம். அந்த முதல் மூணு மாசம் எல்லாரும் ஒழுங்காத்தான் இருந்தோம். இதை எழுதிக்கோங்க. பேனா ஏன் ஓட மாட்டேங்குது? நல்லது சொன்னா எழுத மாட்டீங்களா?

அப்புறம் ஒரு வண்டி ஒருத்தரோட முட்டியில இடிச்சுது. தோல்கூடக் கிழியல சார், அவர் அன்னைக்கே ஃபுட்பால் ஆடப் போனார். ஆனா உங்க ஆபீஸ்ல கூட்டம் போட்டு ரூலை இறுக்கிட்டீங்க. அதுக்கப்புறம் மாப்பிள்ளைக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம். ஆவி வந்தா நிக்கும். தொங்குற பெட்ஷீட் ஆடுனா மனுஷன்னு நினைச்சு நிக்கும். ஒரு நாள் தன் நிழலையே பாத்துட்டு நின்னுச்சு, சிரிச்சு மாளல எங்களுக்கு. ஒரு ஷிஃப்டுக்கு இருநூறு தடவைக்கு மேல கேட்டுச்சு சார். எட்டு மணி நேரத்துல இருநூறு தடவை. ஒரே கேள்வி, ஒரே குரல்.

கேஸை அணைச்சீங்களான்னு உங்க வீட்டம்மா ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்டா, இருநூத்தி ஓராவது தடவையும் எழுந்து போய்ப் பாத்துட்டா பதில் சொல்லுவீங்க? சிரிக்கிறீங்களே. அப்ப புரியுதுல்ல? நாங்களும் மனுஷங்கதான். கேள்வி வரும், கட்டைவிரல் தானாப் போகும். கண்ணு எங்கேயோ இருக்கும்.

ஆமா, தெரியும், அதுக்கும் ஒரு ரூல் போட்டீங்க. ஒரு ஆள் ஐம்பது தடவைக்கு மேல பதில் சொன்னா சலிச்சுப் போயிடும்னு நீங்களாவே கண்டுபிடிச்சீங்க. ஐம்பது ஆச்சுன்னா கார்டு பூட்டிக்கும். வேற ஆள் வந்து அவங்க கார்டைக் காட்டணும். காகிதத்துல படிக்க ரொம்ப அழகா இருக்கும் சார். ஆனா ஷிஃப்டுல நாங்க ஆறு பேர். ஒருத்தர் கஞ்சி போடுற இடத்துல இருப்பார், ஒருத்தர் லாரி கிட்ட இருப்பார். கார்டு பூட்டுனதும் ஆளைத் தேடி ஓடணும். அதுக்குள்ள நாலு மெஷின்ல துணி நாறிடும். ஆஸ்பத்திரிக்காரங்க ஃபோன்ல கத்துவாங்க. அந்தத் திட்டையும் நாங்கதான் வாங்கணும், நீங்க வாங்க மாட்டீங்க.

அதனால என்ன பண்ணுனோமா?

இதை எழுதாதீங்க. பேனாவைக் கீழ வைங்க, சொல்றேன். கார்டுங்களை எல்லாம் ஒரு வளையத்துல கோத்து வேலிக் கதவுல ஒரு கொக்கியில மாட்டிட்டோம். ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதே ஆறு பேர் கார்டும் அங்க போயிடும். கேள்வி வந்தா பக்கத்துல யார் நிக்கிறாங்களோ அவங்க, கையில எந்தக் கார்டு சிக்குதோ அதைக் காட்டி அமுக்கிட்டுப் போவாங்க. ஒண்ணு பூட்டுனா அடுத்தது. யார் ஆரம்பிச்சாங்கன்னா? அது யாருக்குத் தெரியும்? ஊர்கூடித் தேர் இழுத்த மாதிரி எல்லாரும் சேர்ந்து பண்ணுனது.

உங்க முகம் ஏன் இப்படி மாறுது? தெரியாதா உங்களுக்கு? நிஜமாவே தெரியாதா? அடக் கடவுளே. நான் நீங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என் வாயைக் கிளறுறீங்கன்னுல்ல நினைச்சேன். மாப்பிள்ளை சொல்லலையா? மேலதான் கேமரா இருக்கே. ஆங், அது வேலிக்கு உள்ள மட்டும்தான் பாக்கும், ஞாபகம் இருக்கு. வேலை செய்றவங்க முகத்தைப் படம் பிடிக்கக் கூடாதுன்னு நாங்களே சண்டை போட்டு வாங்குன ரூல் அது. பட்டன்கிட்ட யார் நின்னாங்கன்னு அதுக்குத் தெரியாது. கார்டுல இருக்கிற பேர்தான் தெரியும்.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அன்னைக்கு அப்புறம் நான் போய் நின்னா மட்டும் அது ரெண்டு தடவை கேக்குது சார். யாரும் இல்லையா, உறுதியாகவா அப்படின்னு. எல்லார்கிட்டயும் இப்ப ரெண்டு தடவைதானா? புது ரூலா? எப்பலேர்ந்து? சரி, அப்படின்னா சரி. எனக்கென்னவோ அது என்னையே பாத்துக் கேக்குற மாதிரி இருக்கு.

அன்னைக்கு நடந்தது உங்ககிட்டயே இருக்குமே, எத்தனை தடவை எழுதிக் குடுத்துட்டோம். என் வீட்டுக்காரரோட தங்கச்சி. என் நாத்தனார். அவளை இங்க வேலைக்குச் சேர்த்து விட்டதே நான்தான். ரெண்டு மணி பன்னெண்டு நிமிஷம். வேலிக்குள்ள டிரையர் பக்கத்துல இருக்கிற உருளையில ஒரு பெட்ஷீட் சுத்திக்கிச்சு. வேலிக் கதவைத் திறந்தா மொத்தமும் நின்னுடும், மறுபடி ஓட பத்து நிமிஷம் ஆகும். அதனால வண்டி போற சந்து வழியா உள்ள நுழைஞ்சு இழுக்கப் போனா. நாங்க எல்லாருமே அப்படிப் போறதுதான். இரும்புக் கை வந்து இறங்கிடுச்சு. அவளுக்கு வலது கையில மூணு விரல் போச்சு.

நான் அப்ப தண்ணி குடிக்கப் போயிருந்தேன். அதான் எழுதிக் குடுத்திருக்கேனே.

இல்ல, அவ கத்துனதுக்கு அப்புறம்தான் ஓடி வந்தேன்.

சார், அந்தப் பேப்பரைத் திருப்புங்க. ரூலும் இல்ல ஒண்ணும் இல்ல, நீங்க வந்தது அதுக்குத்தான்னு எனக்குத் தெரியும். கண்ணு அரை மணி நேரமா அங்கேயே போய்ப் போய் வருது. திருப்புங்க, நான் என்ன கிழிச்சா போடப் போறேன்?

ம். கண்ணாடி போட்டுக்கறேன், இருங்க.

மேற்படி தொழிலாளியாகிய நான், எனது சொந்த அட்டையைப் பயன்படுத்தி, உள்ளே யாரும் இல்லை என்று உறுதி அளித்த பின்னர், விதிகளை மீறி வேலிக்குள் நுழைந்தேன். விபத்துக்கு நானே முழுப் பொறுப்பு. கீழ கோடு. கோட்டுக்குக் கீழ என் நாத்தனார் பேரு.

அதான் டீயா? அண்ணி சொன்னா கேப்பா, கையெழுத்தை நீங்களே வாங்கிக் குடுத்துடுங்கன்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா? ரூல் எழுத வந்தேன்னு ஏன் சார் பொய் சொன்னீங்க? ரெண்டும்தானா? நல்லா இருக்கு. அவ கையெழுத்துப் போட்டாத்தான் புது ரூலை மேல அனுப்ப முடியுமா? மெஷின் பேரிலயும் தப்பு இல்ல, ரூல் பேரிலயும் தப்பு இல்ல, ஆள் பேரிலதான் தப்புன்னு முடிவானாத்தான் அடுத்த லாண்டரியில அந்தக் கையைக் கொண்டு போய் நிறுத்த முடியும். அப்படித்தானே?

இதுல கையெழுத்துப் போட்டா அவ கதி என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? இங்க வேலை போயிடும். போகட்டும். மெஷின் இருக்கிற வேற எந்த இடத்துல போய் நின்னாலும், ரூலை மீறுனவன்னு பேர் முன்னாடி போய் நிக்கும். முப்பத்தொரு வயசு அவளுக்கு. காயம் ஆறட்டும் அண்ணி, மடிக்கிற மேஜைக்கு வந்துடுறேன், மடிக்கிறதுக்கு ஏழு விரல் போதாதான்னு கேக்குறா. அந்த மேஜையிலதான் அவ உசிரையே வெச்சிருக்கா.

ஒரு நிமிஷம். இங்க பாருங்க, உங்க கணக்கே உதைக்குது. பச்சையை அமுக்குனா நாலு செகண்டுல கை நகரும். பட்டன்லேர்ந்து சந்துக்குப் போய், குனிஞ்சு நுழைஞ்சு, உருளைகிட்டப் போய்ச் சேர நாப்பது அடி. நான் நடந்து பாத்தேன். ஒரு தடவை இல்ல, தினமும் வேலை முடிஞ்சதும் நடந்து பாக்குறேன். ஓடியும் பாத்துட்டேன். பத்து செகண்டுக்குக் குறைஞ்சு யாராலயும் போக முடியாது. அவளே அமுக்கிட்டு நாலு செகண்டுல எப்படி சார் உள்ள இருப்பா? பறந்தா போனா? இதை உங்க ஆபீஸ்ல ஒருத்தர்கூட நடந்து பாக்கலையே.

அவ இல்லைன்னா யாருன்னுதானே கேக்குறீங்க?

வீட்டுல எங்கூடத்தான் இருக்கா. தினமும் காலையில நான்தான் தலை வாரி விடுறேன். ஒரு கையால பின்ன முடியாதுல்ல. கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. தினமும் ஒரே கேள்வி. நான்தான் அமுக்குனேனா அண்ணி? எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குதே. கார்டு என்னுதுன்னா நான்தானே அமுக்கியிருக்கணும்? அதை விடு, அதையே நினைக்காதேன்னு சொல்லிட்டு நான் பின்னலை முடிச்சுடுவேன். என் வீட்டுக்காரர் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருப்பார். அந்தத் தங்கச்சியைத் தோள்ல தூக்கி வளர்த்தவர் அவர். நேத்து எங்கிட்ட கேக்குறார், இவ ஏன் இப்படிக் கவனமில்லாமப் போனா, நீயாவது பாத்திருக்கக் கூடாதான்னு. நான் சீப்பை எடுத்து வெச்சுட்டு வேலைக்குக் கிளம்பிட்டேன்.

இந்தப் பேப்பர் வரும்னு அவளுக்குத் தெரியும் சார். யாரோ ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. பழைய காலண்டர் தாளைக் கிழிச்சு அதோட பின்பக்கத்துல இடது கையால கையெழுத்துப் போட்டுப் பழகிக்கிட்டு இருக்கா. கோணல் மாணலா, பத்து, இருபது. நேத்து ராத்திரி எங்கிட்ட காட்டி, இது பழைய கையெழுத்து மாதிரி இருக்கா அண்ணின்னு கேட்டா.

அழல சார். டீயைக் குடுங்க. ஆறிப் போச்சு, பரவாயில்ல.

மாப்பிள்ளையைத்தான் நான் இத்தனை நாளாச் சந்தேகப்பட்டேன். ஏதோ மறைக்குது, மனசுக்குள்ள வெச்சிருக்குதுன்னு. உங்களைச் சந்தேகப்பட்டேன். மடிக்கிற மேஜையில இருக்கிற ஒவ்வொருத்தரையும் சந்தேகப்பட்டேன், யாராவது பாத்திருப்பாங்களோன்னு. ஆனா அன்னைக்கு மாப்பிள்ளை ஒரு தப்பும் பண்ணல. அவளைப் பாத்துச்சு, நின்னுச்சு, கேட்டுச்சு. அது செய்ய வேண்டியதைச் செஞ்சுடுச்சு.

பேனாவை எடுங்க, இப்ப எழுதுங்க. ரூல் வேணும்னீங்களே, சொல்றேன். இருநூறு தடவை கேக்கச் சொல்லாதீங்க. நாலு தடவை கேக்கட்டும், போதும். கேக்கும்போது யாராவது இருக்கிறார்களான்னு மொட்டையாக் கேக்கக் கூடாது. அது எதைப் பாத்துச்சோ அதைச் சொல்லணும். உருளைகிட்ட ஒரு கை தெரியுது, நீலச் சட்டை தெரியுதுன்னு சொல்லணும். அப்படிச் சொல்லியிருந்தா எந்த விரலும் பச்சைக்குப் போயிருக்காது. அந்த ஐம்பது தடவைங்கிற ரூலைத் தூக்கிக் குப்பையில போடுங்க. அதனாலதான் அந்தக் கார்டு வளையமே வந்துச்சு. கொக்கியில இப்பவும் தொங்குது, போய்ப் பாருங்க. ஸ்கூட்டர் சாவி வளையம் அது.

ஆமா, என்னுதுதான்.

தண்ணி குடிக்கப் போகல சார். அங்கேதான் நின்னேன். அண்ணி, உள்ள போறேன்னு அவ சொன்னா. நான் ம்னு சொன்னேன். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் லாரிக்காரர் வந்து ஏதோ கேட்டார், அவர்கிட்டப் பேசிக்கிட்டே இருந்தேன். கேள்வி வந்துச்சு. என் கார்டு ஐம்பதாகிப் பூட்டியிருந்துச்சு. வளையத்துல கையில சிக்குனது அவ கார்டு.

இதுல அவ பேரை அடிச்சுட்டு, பச்சையை அமுக்குனது நான்தான்னு எழுதி என் பேரைப் போடுங்க. நான் இங்கேயே கையெழுத்துப் போட்டுத் தந்துடுறேன். என் வலது கை நல்லாத்தான் இருக்கு.